அலுவலகப் பயிற்சியில் விளையாட்டும் இம்ப்ரோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களில் பயிற்சி வகுப்புகள் நடத்துபவன் என்ற முறையில், ஹெச்.ஆர். மேலாளர்களும் டீம் லீடர்களும், அவர்கள் அனுப்பிவைத்ததால் வந்து உட்கார்ந்திருக்கும் ஊழியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இம்ப்ரோவ் என்றால் என்ன? மேடை நகைச்சுவைதானே?

இல்லை. இம்ப்ரொவைசேஷன் என்பதன் சுருக்கமே இம்ப்ரோவ். எழுதிவைத்த வசனமும் ஒத்திகையும் இல்லாமல், ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் வாங்கி, அதன் மேல் அடுத்ததைக் கட்டிக்கொண்டு போகும் நடிப்புமுறை அது. நமக்கு இது புதிய சரக்கு அல்ல. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், நாரதர் வேறோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ஆனால் வள்ளி திருமணத்தின் கதைப்போக்கு என்ன, எந்த இடத்தில் யார் நுழைய வேண்டும், தர்க்கம் எங்கே தொடங்கும் என்பது அனைவருக்கும் தெரியும். அந்தக் கட்டுக்கோப்புக்குள் நின்றுகொண்டு, எதிரில் இருப்பவர் போடும் கேள்விக்கு அந்த நொடியில் பதில் சொல்லியபடியே இரவு முழுவதும் நாடகத்தை நடத்திவிடுகிறார்கள். கச்சேரியில் மனோதர்மம் என்று சொல்வதும் இந்த வகைதான். பாடகர் போடும் ஸ்வரத்தைக் கேட்காத வயலின்காரர் அதற்குப் பதில் வாசிக்க முடியாது. அலுவலகத்துக்குத் தேவைப்படுவது இந்தக் கேட்கும் பழக்கம். சிரிப்பு கூடவே வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

நாடகக்காரர்களின் பயிற்சி அலுவலகத்துக்குள் எப்படி வந்தது?

அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில், குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்காக 1889-இல் தொடங்கப்பட்ட ஹல் ஹவுஸ் என்ற சமூக மையம் இருந்தது. அங்கே நேவா பாய்ட் என்பவரிடம் குழுவிளையாட்டுகளைக் கற்ற வயோலா ஸ்போலின் (1906–1994), பின்னர் அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் கீழ் குழந்தைகளுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் நாடகம் கற்பித்தபோது, நடிப்பைப் பற்றி விளக்கவுரை ஆற்றுவதற்குப் பதிலாக விளையாட்டுகளை உருவாக்கினார். "நன்றாக நடி" என்று சொன்னால் விறைத்துப்போகிற பிள்ளை, விளையாட்டில் இறங்கியதும் தன்னை மறந்து நடிக்கிறது என்பதே அவர் கண்டது. அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் சிகாகோவில் செகண்ட் சிட்டி அரங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பின்னாளில் அந்த அரங்கமே நிறுவனங்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. இன்னொரு கிளை லண்டனில் தொடங்கியது. ராயல் கோர்ட் அரங்கில் பணியாற்றிய கீத் ஜான்ஸ்டன் (1933–2023), பின்னர் கனடாவின் கால்கரியில் 1977-இல் லூஸ் மூஸ் அரங்கத்தை நிறுவினார். இரண்டு பேர் பேசும்போது யார் மேலே, யார் கீழே என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். அந்தப் பாடத்துக்குக் கீழே தனியாக வருகிறேன்.

டீம் பில்டிங் விளையாட்டுகளும் இம்ப்ரோவும் ஒன்றா?

ஒன்றல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான பீர் விளையாட்டு போன்றவை வேலையின் சிறிய மாதிரிகள். அதில் சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நான்கு இடங்கள் இருக்கும். வாடிக்கையாளரின் தேவை வாரத்துக்கு 4 பெட்டி என்பதிலிருந்து 8 பெட்டி என்று ஒரே ஒரு முறைதான் மாறும். அந்தச் சிறு மாற்றம் மேலே போகப் போகப் பெரிதாகி, தொழிற்சாலையில் சரக்கு மலையாகக் குவிந்துவிடும். (எங்கள் வகுப்புகளில் பீரை கோலி சோடாவாக மாற்றிவிட்டோம், கணக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.) இம்ப்ரோவில் இப்படிப்பட்ட மாதிரி எதுவும் கிடையாது. எதிரில் ஒரு மனிதர் இருப்பார், ஒரே ஒரு விதி இருக்கும், அவ்வளவுதான்.

"சரி, அதோட" என்ற பயிற்சியை எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

இம்ப்ரோவின் அடிப்படை விதி அது. எதிராளி சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வகுப்பில் இதை இரண்டு சுற்றுகளாக நடத்துவது வழக்கம். இருவர் சேர்ந்து அலுவலகச் சுற்றுலாவுக்குத் திட்டமிட வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு பதிலும் "சரிதான், ஆனா" என்றே தொடங்க வேண்டும்.

"ஏலகிரி போலாம் சார்."

"சரிதான், ஆனா இப்ப அங்கயும் வெயில்தான்."

"சரிதான், ஆனா சாயங்காலம் கிளம்பினா வெயில் இருக்காதே."

"சரிதான், ஆனா ராத்திரி மலைப் பாதையில டிரைவர் வரமாட்டாரு."

இரண்டு நிமிடத்தில் பேச்சு செத்துவிடும். அடுத்த சுற்றில் "சரி, அதோட" என்று தொடங்க வேண்டும்.

"ஏலகிரி போலாம் சார்."

"சரி, அதோட வழியில ஆம்பூர்ல பிரியாணிக்கு நிறுத்திடலாம்."

"சரி, அதோட வீட்டுக்கும் பார்சல் கட்டிக்கலாம்."

இந்தச் சுற்றில் அறையின் சத்தமே மாறிவிடுவதைக் கதவுக்கு வெளியே நின்றாலும் உணரலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு "இனி அலுவலகத்தில் யாரும் 'ஆனா' என்று சொல்லக்கூடாது" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தரச்சோதனை செய்பவர் "ஆனா" சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறார். யோசனை பிறக்கும் நேரம் வேறு, யோசனையைச் சல்லடையில் போடும் நேரம் வேறு. நம் கூட்டங்களில் இரண்டும் ஒரே மூச்சில் நடப்பதால் புதிதாகச் சேர்ந்தவர் மூன்றாவது கூட்டத்திலிருந்து வாயே திறப்பதில்லை. இந்தப் பயிற்சி அதை மட்டும்தான் காட்டுகிறது.

மேலதிகாரியும் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்வதாக இருந்தால் முழுமையாகக் கலந்துகொள்ள வேண்டும்; பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வரவே வேண்டாம். மேலாளர் பார்வையாளராக இருக்கும் அறையில் விளையாட்டு தேர்வாக மாறிவிடுகிறது.

ஜான்ஸ்டன் வழிவந்த சீட்டுப் பயிற்சி ஒன்று உண்டு. ஆளுக்கொரு சீட்டாட்டச் சீட்டு கொடுக்கப்படும். அதைத் தான் பார்க்காமல், மற்றவர்களுக்குத் தெரியும்படி நெற்றியில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுவிழாச் சாப்பாட்டு வரிசை போன்ற ஒரு காட்சியில் எல்லோரும் நடமாட வேண்டும். ராஜா வைத்திருப்பவரை ராஜாவாகவும், 2 வைத்திருப்பவரை அதற்கேற்பவும் நடத்த வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, தன் சீட்டு என்னவாக இருக்கும் என்று ஊகித்து வரிசையாக நிற்கச் சொல்வோம். இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள் அநேகமாகத் தவறுவதில்லை. 5 முதல் 9 வரை உள்ளவர்கள்தான் தடுமாறுவார்கள்.

ஆங்கிலத்தில் நடத்தும்போது மதிப்பு வேறுபாடு பார்வையிலும் குரலிலும் உடல்மொழியிலும் தெரிய வேண்டும். தமிழில் அந்தச் சிரமமே இல்லை, வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். "வாங்க சார், முன்னாடி போங்க" என்பதும், "வாங்க" என்பதும், "வாப்பா" என்பதும், "கொஞ்சம் தள்ளி நில்லு" என்பதும் நான்கு வெவ்வேறு சீட்டுகள். ஒரு முறை ஒரு தொழிற்சாலையின் மேலாளருக்கு 3 விழுந்தது. காட்சி முடிந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "அஞ்சு நிமிஷமா யாருமே என் முகத்தைப் பார்க்கலை." அறையிலிருந்த காண்ட்ராக்ட் ஊழியர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய வகுப்பின் மீதிப் பேச்சு முழுவதும் அந்தப் பார்வையிலிருந்துதான் தொடங்கியது.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. "நீ, வா, தள்ளி நில்" என்ற சொற்களை வெளியுலகில் சாதியின் பெயரால் கேட்டு வளர்ந்தவர்களும் அதே அறையில் இருப்பார்கள். அவர்களுக்கு அது ஐந்து நிமிட விளையாட்டு அல்ல. ஆகவே ஒருவரையொருவர் அறியாத குழுவில் முதல் நாளே இந்தப் பயிற்சியை நான் எடுப்பதில்லை. எடுக்கும்போதும் நடுவில் எல்லோரும் சீட்டை மாற்றிக்கொள்ளும்படி அமைத்துக்கொள்கிறேன்.

இரண்டு அலுவலகங்களை இணைத்துப் புதிய குழு அமைத்திருக்கிறோம். பொருத்தமான விளையாட்டு எது?

பார்ங்கா. இதை உருவாக்கியவர் சென்னையில் பிறந்து அமெரிக்காவின் இண்டியானாவில் குடியேறிய சிவசைலம் தியாகராஜன்; பயிற்சித் துறையில் உலகம் முழுவதும் அவரை "தியாகி" என்றே அழைக்கிறார்கள். 1980-இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பணியாற்றியபோது அவர் இதை வடிவமைத்தார். அந்நாட்டின் பார்ங்கா என்ற ஊரின் பெயரே விளையாட்டுக்கும் வந்தது.

மேசைக்கு நான்கைந்து பேர் உட்கார்ந்து எளிய சீட்டாட்டம் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். பிறகு விதித்தாள்கள் திரும்பப் பெறப்படும். பேச்சும் எழுத்தும் தடை. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் வேறொரு மேசைக்கும் மாறுவார்கள். ஒவ்வொரு மேசைக்கும் கொடுக்கப்பட்ட விதிகளில் சிறு வேறுபாடு இருந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டோம். ஒரு மேசையில் ஆஸ் பெரிய சீட்டு, அடுத்த மேசையில் அதுவே சின்னச் சீட்டு. புதிதாக வந்து உட்கார்ந்தவர் தான் வென்றதாக நினைத்துக் கையை நீட்டுவார். மூன்று கைகள் ஒரே நேரத்தில் அதைத் தட்டிவிடும். அவர் முகத்தில் முதலில் தெரிவது குழப்பம், பிறகு "இவனுங்களுக்கு ஆடவே தெரியலை" என்ற எண்ணம். விதியே வேறாக இருக்கலாம் என்று யோசிப்பவர்கள் மிகச் சிலர். இணைப்புக்குப் பிறகு சென்னை அலுவலகம் புனே அலுவலகத்தைப் பற்றிச் சொல்லும் குறைகளில் பாதி இந்த ரகம்தான்.

ஸ்பாகெட்டி கோபுரப் போட்டி நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் பலரும் பார்த்துவிட்டார்கள். பீட்டர் ஸ்கில்மன் வடிவமைத்து டாம் வூஜெக் பரப்பிய இந்தப் போட்டியில் 20 சமைக்காத ஸ்பாகெட்டிக் (இத்தாலிய நூடுல்ஸ்) குச்சிகள், ஒரு கெஜம் ஒட்டுநாடா, ஒரு கெஜம் நூல், உச்சியில் வைக்க மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய் ஒன்று ஆகியவற்றைக் கொண்டு 18 நிமிடத்தில் உயரமான கோபுரம் கட்ட வேண்டும். மழலைப் பள்ளிக் குழந்தைகள் மேலாண்மைப் பட்டதாரிகளைவிட நன்றாகக் கட்டுகிறார்கள் என்பது வூஜெக்கின் புகழ்பெற்ற கூற்று. பெரியவர்கள் கடைசி நிமிடம் வரை திட்டம் போட்டு, இறுதியில் மிட்டாயை வைத்ததும் கோபுரம் சரிய, குழந்தைகளோ ஆரம்பத்திலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். 10,000 டாலர் மதிப்புள்ள பரிசு அறிவித்த ஒரு போட்டியில் எந்தக் கோபுரமும் நிற்கவில்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

நடைமுறையில் இரண்டு குறிப்புகள். மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கும். சைவ உணவுக்காரர்களில் சிலர் அதைத் தொடவும் விரும்ப மாட்டார்கள், முன்கூட்டியே ஜெலட்டின் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். செலவைக் குறைக்க ஸ்பாகெட்டிக்குப் பதிலாகத் தென்னை ஈர்க்குச்சி கொடுக்காதீர்கள். ஈர்க்குச்சி வளையும், எளிதில் ஒடியாது. ஒடியும் என்ற பயம் போய்விட்டால் விளையாட்டின் உயிரே போய்விடும்.

விளையாட்டு முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

உண்மையில் நீங்கள் பணம் கொடுப்பது இந்தப் பகுதிக்குத்தான். விளையாட்டு பத்து நிமிடம் என்றால் அதைப் பற்றிய உரையாடலுக்கு இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். நம் ஊர் நிகழ்ச்சிகளில் இது தலைகீழாக நடக்கிறது: ஆறு விளையாட்டுகள், கைதட்டல், குழுப் படம், பஃபே, பேருந்து. திங்கட்கிழமை கேட்டால் யார் நன்றாக ஆடினார்கள் என்பது மட்டும் நினைவிருக்கும்.

இந்த உரையாடலுக்குப் பயிற்சித் துறையில் டிப்ரீஃப் என்று பெயர். மேலே சொன்ன தியாகராஜன் இதற்கு ஆறு கேள்விகளை வரிசைப்படுத்திக் கொடுத்திருக்கிறார்: இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது, என்ன நடந்தது, இதிலிருந்து என்ன தெரிந்தது, இது உங்கள் வேலையோடு எங்கே பொருந்துகிறது, நிலைமை வேறாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள். வரிசை முக்கியம். உணர்ச்சியை முதலில் வெளியே விடாவிட்டால், "என்ன கற்றீர்கள்" என்று கேட்கும்போதும் பார்ங்காவில் கையைத் தட்டிவிடப்பட்டவர் அந்தக் கோபத்திலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டாவது கேள்வியில் பொறுமை வேண்டும். ஒரே நிகழ்ச்சியை எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொல்வார்கள். அந்த எட்டையும் கேட்பதுதான் பயிற்றுநரின் வேலை. "ஆக, இந்த விளையாட்டு நமக்கு என்ன சொல்கிறது என்றால்" என்று பயிற்றுநர் தானே ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே நடப்பது சொற்பொழிவு. நானும் முதல் சில ஆண்டுகள் அதைத்தான் செய்தேன். அமைதி நிலவினால் பயந்துபோய் அதை நிரப்பிவிடுவேன். இப்போது பத்து வரை மனத்துக்குள் எண்ணுகிறேன். ஏழில் யாராவது பேசிவிடுகிறார்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களைக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. ஒரு நிறுவனத்தில், வட்டத்தின் நடுவில் வந்து ஏதாவது ஒரு விலங்கைப் போல நடக்கும்படி ஒவ்வொருவரையும் அழைத்தேன். ஒரு பெண் தயங்கினார். "அட, வாங்க மேடம், நம்ம ஆளுங்கதானே" என்று நானும் சொன்னேன், சுற்றியிருந்தவர்களும் கைதட்டினார்கள். அவர் வந்து செய்தார். சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் அவர் திரும்பி வரவில்லை. அந்த நடையை யாரோ கைப்பேசியில் படம் பிடித்து அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று விதிகளை வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைப்பேசி பைக்குள், "நான் இந்தச் சுற்றுக்கு இல்லை" என்று காரணம் சொல்லாமலே விலகலாம், விலகியவர் கவனிப்பாளராக இருந்து டிப்ரீஃபில் தான் பார்த்ததைச் சொல்லலாம். கவனிப்பாளர் சொல்வதே பல நாட்களில் சிறந்த பகுதியாக அமைந்துவிடுகிறது.

தொடுதல் தேவைப்படும் விளையாட்டுகளை, கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து விழும் நம்பிக்கைப் பயிற்சி உட்பட, நான் முழுவதுமாக விட்டுவிட்டேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) பணி நிமித்தமாக ஊழியர் செல்லும் வெளியிடங்களையும் பணியிடமாகவே கருதுகிறது. அவுட்டிங் என்பதால் அலுவலக நாகரிகத்துக்கு விடுமுறை இல்லை.

எந்த மொழியில் நடத்த வேண்டும்?

பங்கேற்பவர்கள் சண்டை போடும் மொழியில். ஒரகடத்திலும் ஓசூரிலும் உற்பத்திப் பிரிவினருக்கு ஆங்கிலத்தில் வகுப்பு எடுக்கும்போது முன்வரிசையில் இருக்கும் நான்கு பேர் மட்டும் பேசுவார்கள். "தமிழ்லயே பேசலாம்" என்று சொன்னதும், அதுவரை சுவரோடு ஒட்டியிருந்தவர் எழுந்து வந்து குழுவையே நடத்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வடமாநிலத் தொழிலாளர்களும் கலந்த குழு என்றால், பொருளற்ற ஒலிகளை மட்டும் வைத்துப் பேசும் ஸ்போலினின் பயிற்சி கைகொடுக்கும். மொழி எல்லோருக்கும் சமமாகப் புரியாதபோது கையும் முகமும் வேலை செய்யத் தொடங்குகின்றன.

ஆன்லைனில் முடியுமா?

முடியும். ஒரு அறைக்கு எட்டுப் பேர், கேமரா ஆன், 45 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

இதனால் பயன் உண்டு என்பதற்கு என்ன சான்று?

தவறைச் சொன்னால் அவமானப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன என்பதை ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதற்கு முன்னர் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டு அவர் வியந்தார். அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, மறைக்கப்படாமல் இருந்தது என்பது பிறகே புலப்பட்டது. கூகுள் நிறுவனம் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோதும் இதே நம்பிக்கையே முதன்மையானதாக வந்தது. ஆனால் விற்பனைக்காரர்கள் இந்த ஆய்வுகளைக் காட்டி இம்ப்ரோவ் வகுப்பை விற்கும்போது ஒரு படியைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை பயனுள்ளது என்பதுதான் ஆய்வு. அது ஒரு பிற்பகல் விளையாட்டில் உண்டாகிவிடும் என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

அளப்பதாக இருந்தால் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்த நான்கு படிகள் போதும்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. நம் கருத்துப் படிவங்கள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. ஆறு வாரம் கழித்து வாராந்திரக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்து, வழக்கமாகப் பேசாதவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செலவில்லாத அளவுகோல் அது.

எப்போது நடத்தக்கூடாது?

ஆட்குறைப்பு அறிவித்த மாதத்தில் நடத்தக்கூடாது. அப்ரைசல் முடிவு வெளியாகும் வாரத்திலும் வேண்டாம். இரவு ஷிப்ட் முடித்தவர்களைச் சனிக்கிழமை காலை பேருந்தில் ஏற்றி "ஜாலியாக இருங்கள்" என்று சொல்வதும் கூடாது. அவர்களுக்குத் தேவை தூக்கம். சம்பளமோ நேரமோ மேலாளரின் வாயோ பிரச்சினையாக இருந்தால் அதை விளையாட்டால் சரிசெய்ய முடியாது என்று சொல்லி இரண்டு மூன்று அழைப்புகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பயிற்றுநர் இல்லாமல் நாங்களே ஒன்றைச் செய்து பார்க்க விரும்புகிறோம். எதில் தொடங்கலாம்?

மேசையில் தாளம் தட்டுவதில் தொடங்குங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் செய்த சோதனையில், பிரபலமான பாட்டு ஒன்றை மனத்துக்குள் பாடியபடி ஒருவர் மேசையில் தட்ட, எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. உங்கள் குழுவை இருவர் இருவராகப் பிரித்து, எல்லோருக்கும் தெரிந்த திரைப்பாடல் ஒன்றைத் தட்டச் சொல்லுங்கள். தட்டுவதற்கு முன் "கண்டுபிடித்துவிடுவாரா" என்று கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை தட்டியும் எதிராளி விழிக்கும்போது, தட்டுபவர் இன்னும் பலமாகத் தட்டுவார். வேறு விதமாகத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, போன வாரம் பதில் வராத மெயிலை மறுபடி அப்படியே அனுப்பியவர்கள் யார் யார் என்று கேளுங்கள்.